வீட்டில் சிறு உலோகப் பட்டறை: முதலில் லேத்தா, மில்லிங் மெஷினா?

கேள்வி: சிறுபட்டறை

வணக்கம். வீட்டை ஒட்டித் தரைத்தளத்தில் 3 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் கொண்ட ஓர் அறை காலியாக இருக்கிறது. அதில் பொழுதுபோக்குக்காக ஒரு சிறு உலோகப் பட்டறையை அமைக்க விரும்புகிறேன். மேசைமேல் வைத்து ஓட்டக்கூடிய நீராவி இன்ஜின் மாதிரிகளைச் செய்வதும், வீட்டுச் சாமான்களில் தேய்ந்துபோகும் புஷ், பின், ஸ்பேசர் போன்றவற்றை நானே கடைந்துகொள்வதும்தான் நோக்கம். இதை வைத்துச் சம்பாதிக்கும் எண்ணம் இல்லை. நான் கையாளப்போகும் பாகங்களில் பெரும்பாலானவை 50 மி.மீ. விட்டத்துக்குள் அடங்கிவிடும். ஃப்ளைவீல் மட்டும் 100 மி.மீ. வரை வரலாம், அதுவும் வார்ப்பிரும்பில்.

அரம், ஹாக்ஸா, டேப், டை ஆகியவற்றில் கைப்பழக்கம் உண்டு. பெஞ்ச் வைஸும் பெஞ்ச் டிரில்லும் ஏற்கெனவே இருக்கின்றன. லேத்தை (பொருளைச் சுழலவிட்டு டூலால் கடையும் மெஷின்) பிறர் ஓட்டப் பார்த்திருக்கிறேனே ஒழிய, நானாக ஓட்டியதில்லை.

முதலில் லேத் வாங்குவதா, மில்லிங் மெஷின் (கட்டரைச் சுழலவிட்டுப் பொருளைச் செதுக்கும் மெஷின்) வாங்குவதா, அல்லது இரண்டும் இணைந்து வரும் மெஷினை வாங்கி இடத்தை மிச்சப்படுத்துவதா? புதிய சிறிய மெஷின் நல்லதா, தொழிற்கூடத்திலிருந்து கழித்துவிடப்படும் பழைய கனமான மெஷின் நல்லதா? கையிலுள்ள தொகை முழுவதையும் மெஷினிலேயே போட்டுவிடலாமா? வீட்டில் சிங்கிள் ஃபேஸ் இணைப்பு மட்டுமே உள்ளது. மில்லிங் மெஷின் வரும்வரை பெஞ்ச் டிரில்லில் எண்ட் மில்லை (பக்கவாட்டிலும் வெட்டும் கட்டர்) பொருத்திச் சமாளிக்க முடியுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பதில்: நான்குஜா

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதில்தான் ஆபத்து இருக்கிறது. பெஞ்ச் டிரில்லின் சக் (பிடித்துச் சுழற்றும் தலை), டேப்பரின் (கூம்பு வடிவப் பொருத்தின்) பிடிப்பு ஒன்றை மட்டுமே நம்பி நிற்கிறது. துளையிடும்போது விசை மேல்நோக்கி அழுத்துவதால் அந்தப் பிடிப்பு இறுகிக்கொண்டே போகும். எண்ட் மில்லால் பக்கவாட்டில் வெட்டினாலோ விசை குறுக்கே அடிக்கும். அந்த அதிர்வில் டேப்பர் தளர்ந்து, சக் சுழன்றபடியே கழன்று விழக்கூடும். எண்ட் மில்லின் வழவழப்பான கெட்டித் தண்டை டிரில் சக்கின் மூன்று ஜாக்களும் (பிடிக்கும் தாடைகளும்) மெல்லிய கோடுகளில்தான் தொடுகின்றன என்பதால், கட்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழிறங்கி வேலைப்பொருளைத் தோண்டிவிடுவதும் உண்டு. மில்லிங் மெஷினில் டிராபார் என்ற நீளமான போல்ட் மேலிருந்து இழுத்துப் பிடிப்பதற்கு இதுவே காரணம். பெஞ்ச் டிரில் துளையிட மட்டும் இருக்கட்டும்.

லேத்தையே முதலில் வாங்குங்கள். சிலிண்டர், பிஸ்டன், ஃப்ளைவீல், கிராங்க் பின், வால்வு ராட், கிளாண்ட் நட் என்று நீராவி இன்ஜினில் உருளையான பாகங்களே மிகுதி. அதோடு லேத்தில் ஓரளவு மில்லிங்கும் செய்துகொள்ளலாம். கட்டரை ஸ்பிண்டிலில் (சுழலும் முதன்மைத் தண்டில்) கோலெட் என்ற பிளவுபட்ட பிடிகுழல் கொண்டு பிடித்து, கிராஸ் ஸ்லைடின் (டூலைக் குறுக்கே நகர்த்தும் பகுதியின்) மேல், மேலும் கீழும் நகரும் ஒரு வெர்ட்டிக்கல் ஸ்லைடைக் கட்டி, பொருளை அதில் பொருத்தினால் சிறிய தட்டை முகங்களும் கீவேயும் (தண்டில் சாவிக்கட்டை உட்காரும் காடி) வெட்ட வரும். மெதுவான வேலைதான், சிறிது சிறிதாகத்தான் எடுக்க முடியும். ஆனால் மில்லிங் மெஷினில் கடைசல் வேலை செய்யப் பார்ப்பது இதைவிடப் பெரிய பாடு.

இரண்டும் இணைந்த மெஷினை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் கிராஸ் ஸ்லைடே மில்லிங் மேசையாகிவிடுவதால், மேசையின் பரப்பும் சிறியது, ஓட்டமும் குறைவு. சக்கில் ஒரு வேலை பாதியில் நிற்கும்போது வேறொரு பாகத்தில் காடி வெட்ட வேண்டி வந்தால், கட்டியதையெல்லாம் கலைக்க நேரும். அறவே இடம் இல்லாதவருக்கு அது ஏற்றது. உங்கள் அறையில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

அளவைப் பொறுத்தவரை, விளம்பரத்தில் முதலில் கண்ணில்படும் ஸ்விங் என்ற எண்ணை மட்டும் நம்பக்கூடாது. அது பெட்டுக்கு (லேத்தின் நீளமான அடிப்பகுதிக்கு) மேலே சுழலக்கூடிய விட்டம். கிராஸ் ஸ்லைடுக்கு மேலே சுழலக்கூடியது அதைவிட மிகக் குறைவு. 180 மி.மீ. ஸ்விங் உள்ள மேசை லேத்தில் அது சுமார் 110 மி.மீ.தான். உங்கள் ஃப்ளைவீல் அதற்குள் அடங்கினாலும், அத்தகைய லேத்தோடு பெரும்பாலும் வரும் 80 மி.மீ. சக்கில் அதன் வெளிவிளிம்பைப் பிடிக்க இயலாது. உள்விளிம்பிலோ ஃபேஸ் பிளேட்டிலோதான் (பொருளை போல்ட்டால் கட்டும் தட்டு) பிடிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தடை வேகம். ஹைஸ்பீடு ஸ்டீல் டூலால் வார்ப்பிரும்பை நிமிடத்துக்கு 20 மீட்டர் என்ற வெட்டு வேகத்தில் கடைவதாகக் கொள்ளுங்கள். அந்த 20-ஐ 1000-ஆல் பெருக்கி, 3.14-ஆலும் மி.மீ. கணக்கிலான விட்டத்தாலும் வகுத்தால் ஸ்பிண்டில் எவ்வளவு வேகத்தில் சுழல வேண்டும் என்பது தெரியும், 100 மி.மீ. விட்டத்துக்கு அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 64 சுற்று. குமிழைத் திருகி வேகத்தைக் குறைக்கும் சிறு லேத்கள் பலவற்றில், அவ்வளவு கீழே இறங்கும்போது மோட்டாரின் வலுவும் கூடவே வற்றிவிடுகிறது. டூல் பட்டதும் சக் நின்றுபோகும். பெல்ட்டை வேறு புல்லிக்கு மாற்றியோ கியரை மாற்றியோ வேகத்தைக் குறைத்தால், வேகம் எத்தனை மடங்கு குறைகிறதோ ஏறக்குறைய அத்தனை மடங்கு திருப்புவிசை கூடும். ஆகவே அந்த வசதி உள்ள மெஷினாகப் பாருங்கள். உங்கள் வேலைக்கு என் தேர்வு, 250 மி.மீ. ஸ்விங்கும் 100 கிலோவுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட லேத். சிறு மெஷின்களின் குறைகளில் பாதி, எடை போதாமையால் வருபவை.

தொகை முழுவதையும் மெஷினில் போட வேண்டாம். ஏறத்தாழ பாதியை ஒதுக்கி வையுங்கள். முதல் செலவு நான்கு ஜா சக்காக இருக்கட்டும். மூன்று ஜா சக்கில் வட்டக் கம்பியைப் பிடித்தால் 0.05 முதல் 0.1 மி.மீ. வரை மையம் விலகுவது சாதாரணம். புதிய கம்பியை ஒரே பிடிப்பில் கடைந்து முடிக்கும்போது அதனால் தீங்கில்லை. திருப்பிப் பிடிக்கும்போதுதான் தொல்லை. நான்கு ஜா சக்கில் ஒவ்வொரு ஜாவையும் தனித்தனியே நகர்த்தி, டயல் கேஜின் (நுண்ணிய அசைவைக் காட்டும் அளவியின்) முள் அசையாத அளவுக்கு மையப்படுத்திவிடலாம். சதுரக் கட்டையையும் கோணல்மாணலான வார்ப்பையும் அதிலேயே பிடிக்கலாம். அடுத்தபடியாக ஸ்டாண்டோடு கூடிய டயல் கேஜ், 0–25 மி.மீ. மைக்ரோமீட்டர், டெயில்ஸ்டாக்குக்கு (சக்குக்கு எதிர்க்கோடியில் நகரும் தாங்கிக்கு) ஒரு டிரில் சக், கம்பியின் முனையைத் தாங்கும் ஒரு சுழல் சென்டர், சென்டர் டிரில்கள், ஒரு பெஞ்ச் கிரைண்டர்.

பதில்: பழையஇரும்பு

லேத் முதலில் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் புதிதா பழையதா என்ற கேள்வியை நான்குஜா தொடாமலே போய்விட்டார். தரைத்தளம், கான்கிரீட் தரை, நேரே உள்ளே தள்ளிக் கொண்டுபோகும் வழி ஆகிய மூன்றும் இருந்தால், நன்றாகப் பேணப்பட்ட பழைய லேத்துக்கு ஈடாக அதே தொகைக்குப் புதிய மெஷின் எதுவும் கிடைக்காது என்பது என் கருத்து. பேணப்பட்டதா என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. புதுப் பெயிண்டைக் கண்டு மயங்கிவிடக் கூடாது.

பெட்டின் தேய்மானம் எப்போதும் சக்குக்கு அருகில்தான் மிகுதி, வேலையெல்லாம் அங்கேயே நடந்திருக்கும் என்பதால். கேரேஜை (டூலைத் தாங்கிப் பெட்டின் மேல் நகரும் பகுதி) சக்குக்கு அருகே கொண்டுவந்து, ஆட்டம் இல்லாதபடி அதன் கிப்பை (இடைவெளியைச் சரிசெய்யும் பட்டையை) இறுக்குங்கள். பிறகு கைச்சக்கரத்தைச் சுழற்றி டெயில்ஸ்டாக் பக்கம் கொண்டுபோங்கள். கடைசிவரை ஒரே சீராக நகர்ந்தால் மகிழ்ச்சியோடு மேலே பேசலாம். பாதி வழியில் இறுகி நின்றுவிட்டால், தேய்ந்த இடத்துக்கும் தேயாத இடத்துக்கும் உள்ள வேறுபாடு உங்கள் கையிலேயே தெரிந்துவிடும். அடுத்து ஸ்பிண்டில். ஒரு தடித்த கம்பியைச் சக்கில் பிடித்து, டயல் கேஜின் முனையை ஸ்பிண்டில் மூக்கின் மேற்புறத்தில் வைத்து, கம்பியைக் கையால் மேலே நெம்பிப் பாருங்கள். முள் 0.01 அல்லது 0.02 மி.மீ. அசைவது பொறுத்துக்கொள்ளக் கூடியது. அதற்கு மேல் நன்றாகவே ஆடினால் பேரிங்கை இறுக்கவோ மாற்றவோ வேண்டியிருக்கும். பழைய மெஷினுக்குப் பேரிங் கிடைக்குமா என்பதை வாங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். கிராஸ் ஸ்லைடு திருகில் சிறிது பேக்லாஷ் (திசை மாற்றும்போது வரும் வெற்றாட்டம்) இருப்பதைக் குறையாகக் கருத வேண்டாம். எப்போதும் ஒரே திசையில் திருகி அளவுக்கு வந்து சேரும் பழக்கம் இருந்தால் அது வேலையைக் கெடுக்காது.

மரை வெட்டுவதற்கான மாற்றுக் கியர்கள் முழுத் தொகுதியாக இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். பழைய லேத்கள் பலவற்றில் லீட் ஸ்க்ரூ (மரை வெட்டும்போது கேரேஜை இழுக்கும் நீளத் திருகு) அங்குலக் கணக்கில் இருக்கும். அதில் மெட்ரிக் மரையைப் பிழையில்லாமல் வெட்ட 127 பல் உள்ள கியர் வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மி.மீ., அதன் ஐந்து மடங்கு 127. அப்படி வெட்டும்போது, கேரேஜை லீட் ஸ்க்ரூவோடு இணைக்கும் ஹாஃப் நட்டைத் திறக்கவே கூடாது. ஒவ்வொரு வெட்டின் முடிவிலும் டூலைப் பின்னுக்கு இழுத்துவிட்டு, மோட்டாரைப் பின்னோக்கி ஓட்டித்தான் கேரேஜைத் தொடக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஸ்பிண்டில் மூக்கில் திருகிப் பொருத்தும் வகைச் சக்காக இருந்தால் அதை மெதுவாகச் செய்யுங்கள். பின்னோக்கிச் சட்டென்று வேகமெடுத்தால் சக் தானாகவே கழன்றுவிடும்.

கொண்டுவரும்போது கவனிக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். லேத்தின் எடை பெரும்பாலும் ஹெட்ஸ்டாக் (ஸ்பிண்டில் உள்ள தலைப்பகுதி) பக்கமே குவிந்திருக்கும், அதுவும் உயரத்தில். கேரேஜையும் டெயில்ஸ்டாக்கையும் மறுகோடிக்குத் தள்ளிப் பூட்டிவிட்ட பிறகே தூக்க வேண்டும். சக்கைக் கழற்றித் தனியே எடுத்துவருவது நல்லது. லீட் ஸ்க்ரூவில் ஒருபோதும் கயிற்றைக் கட்டாதீர்கள்.

பதில்: டெல்டா

மின்சாரம் பற்றி மட்டும் எழுதுகிறேன். பழைய மெஷினில் மூன்று ஃபேஸ் மோட்டார் இருந்தால் அதற்காக அதைக் கைவிட வேண்டியதில்லை. சிங்கிள் ஃபேஸை உள்ளே வாங்கி மூன்று ஃபேஸாக வெளியே தரும் வி.எஃப்.டி. ஒன்றை வைத்தால் மோட்டார் ஓடும். வேகத்தை மாற்றும் வசதியும் கூடவே கிடைக்கும். மோட்டாரின் பெயர்ப்பலகையில் 230/400 வோல்ட் என்று இருந்தால், மோட்டார் சுருள்களின் ஸ்டார் இணைப்பை டெல்டா இணைப்பாக மாற்ற வேண்டும், அப்போதுதான் வி.எஃப்.டி. தரும் 230 வோல்ட்டில் முழு வலுவோடு இயங்கும். வெறும் 400 வோல்ட் என்று மட்டும் இருந்தால், மோட்டாரைத் திறந்து உள் இணைப்பை மாற்ற இயலுமா என்பதை மோட்டார் வேலை தெரிந்தவரிடம் காட்டிக் கேளுங்கள். மெஷினில் இருக்கும் பழைய சுவிட்சை வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் இடையில் விட்டுவைக்காதீர்கள். ஓடும்போது அந்த இணைப்பைத் துண்டித்தால் வி.எஃப்.டி. பழுதாகக்கூடும். அந்தச் சுவிட்சின் கம்பிகளை வி.எஃப்.டி.யின் கட்டுப்பாட்டு முனைகளுக்குக் கொண்டுபோக வேண்டும்.

எந்த மெஷினானாலும், மின்தடைக்குப் பின் மின்சாரம் திரும்பும்போது தானாக ஓடத் தொடங்காத வகைச் சுவிட்ச் கட்டாயம் தேவை. மின்சாரம் போன நேரத்தில் சக்கில் கையை வைத்துப் பார்ப்பது யாருக்கும் இயல்பு. எர்த் இணைப்பைச் சோதித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். உலோகச் சுருள்கள் புகாதபடி வி.எஃப்.டி.யை மூடிய பெட்டியில், ஆனால் காற்றோட்டத்தோடு, மெஷினைவிட்டு எட்டிச் சுவரில் வையுங்கள்.

விளக்கிலும் ஒரு கண்ணி உண்டு. சோக் வைத்த பழைய டியூப் லைட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. சில வேகங்களில் சுழலும் சக், அந்த வெளிச்சத்தில் நின்றுவிட்டதுபோலவோ மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றுவதுபோலவோ தோன்றும். மினுக்காத எல்.இ.டி. விளக்கொன்றை வேலைப்பொருளின் மேல் நேராக விழும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: சிறுபட்டறை

மூவருக்கும் நன்றி. அறைக் கதவின் அகலத்தை அளந்து பார்த்ததில் பழைய பெரிய மெஷின் நுழைய வழியில்லை. ஆகையால் புதிய 250 மி.மீ. ஸ்விங் லேத் என்று முடிவு செய்துவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள். விற்பவர்கள் 0.01 மி.மீ. துல்லியம் என்கிறார்கள், புதிதாகப் பழகும் ஒருவர் உண்மையில் எவ்வளவு துல்லியத்தை எதிர்பார்க்கலாம்? டூலை நானே சாணை பிடிக்கப் பழக வேண்டுமா, கார்பைடு இன்செர்ட்டுகளை (மாற்றிப் பொருத்தக்கூடிய கெட்டியான வெட்டுமுனைத் துண்டுகளை) வாங்கிக்கொண்டால் போதுமா?

பதில்: மைக்ரான்

0.01 என்பது பெரும்பாலும் டயலில் உள்ள ஒரு பிரிவின் அளவு; மெஷின் அந்த அளவுக்குக் கடையும் என்பதற்கான உறுதி அன்று. கிராஸ் ஸ்லைடு டயல் ஆரத்தைக் காட்டுகிறதா, விட்டத்தைக் காட்டுகிறதா என்பதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். ஆரத்தைக் காட்டும் டயலில் 0.1 மி.மீ. உள்ளே தள்ளினால் விட்டம் 0.2 மி.மீ. குறையும்.

புதிய லேத் என்றாலும் அதன் பெட் முறுக்கிக்கொண்டிருக்கலாம், ஏனெனில் கால்களை இறுக்கும் விதத்திலேயே பெட் வளையும். இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த ரசமட்டம் கட்டாயமில்லை. 30 மி.மீ. விட்டமுள்ள கம்பியை, டெயில்ஸ்டாக் தாங்கல் இல்லாமல், சக்கிலிருந்து 100 மி.மீ. வெளியே நீட்டிப் பிடியுங்கள். நடுப்பகுதியை ஒரு மி.மீ. தாழ்த்திக் கடைந்து, இரு கோடிகளிலும் விரல் அகலத்துக்கு இரண்டு வளையங்களை மேடாக விட்டுவையுங்கள். கூரான டூலால், கிராஸ் ஸ்லைடை இடையில் தொடாமல், இரு வளையங்களையும் ஒரே ஓட்டத்தில் மிக மெல்லியதாகச் சீவுங்கள். பிறகு 25–50 மி.மீ. மைக்ரோமீட்டரால் இரண்டையும் அளங்கள். ஹெட்ஸ்டாக் நேராகப் பொருத்தப்பட்ட மெஷினில் இரண்டுக்கும் வேறுபாடு இருந்தால் அது பெட்டின் முறுக்கு. டெயில்ஸ்டாக் பக்கத்துக் கால் ஒன்றின் கீழ் மெல்லிய தகடு வைத்து, மறுபடி சீவி, மறுபடி அளந்து, வேறுபாடு மறையும்வரை திருத்துங்கள். கம்பி இதைவிட மெலிந்திருந்தால் டூலின் அழுத்தத்தில் அதன் வெளிமுனை விலகி, முனை தடித்துக் காட்டும். அதைப் பெட்டின் குறையாக எண்ணிவிடக் கூடாது.

இவ்வளவும் செய்த பிறகு, 25 மி.மீ. கம்பியில் 0.02 மி.மீ.க்குள் அளவு பிடிப்பது கைப்பழக்கத்தால் எட்டக்கூடியதே. அதற்கும் கீழே போகும்போது வெப்பம் குறுக்கிடும். எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 12 மைக்ரான் (ஒரு மைக்ரான் 0.001 மி.மீ.) விரிகிறது. கடைந்து முடித்த சூட்டில், அறை வெப்பத்தைவிட 20 டிகிரி கூடுதலாக இருக்கும் 25 மி.மீ. கம்பி, ஆறிய பின் காட்டும் அளவைவிட 6 மைக்ரான் பெரிதாக இருக்கும். அலுமினியத்தில் இது ஏறத்தாழ இரு மடங்கு. ஆகையால் கடைசி வெட்டுக்கு முன் பொருளை ஆறவிட்டு அளக்க வேண்டும். வெர்னியரை வைத்துப் பொருத்த அளவுகளை முடிவு செய்யாதீர்கள். அதன் ஜாக்களை அழுத்தும் விதத்திலேயே அளவு மாறும்.

டூல் பற்றி: ஹைஸ்பீடு ஸ்டீலைச் சாணை பிடிக்கப் பழகுங்கள் என்றே சொல்வேன், அது பழைய முறை என்று சிலர் சிரித்தாலும். கார்பைடு தன் முழுத் திறனைக் காட்ட வேண்டுமானால் வேகமும் வெட்டின் ஆழமும் வலுவும் வேண்டும். சிறு லேத்தில் அவை குறைவு. பல இன்செர்ட்டுகளின் வெட்டுமுனை சற்றே மழுங்கலாகச் செய்யப்பட்டிருப்பதால், 0.05 மி.மீ. சீவ முயன்றால் வெட்டாமல் தேய்த்துக்கொண்டு போகும். அலுமினியத்துக்கென வரும் கூர்முனை இன்செர்ட்டுகள் இதற்கு விலக்கு. அவை சிறு லேத்தில் எஃகிலும் மெல்லிய வெட்டுக்கு நன்றாகவே உதவுகின்றன. வார்ப்பிரும்பின் மேல்தோல் கெட்டியாகவும் மணல் படிந்தும் இருப்பதால், உங்கள் ஃப்ளைவீலின் முதல் வெட்டைக் கார்பைடால் தோலுக்கு அடியில் போகும்படி ஆழமாக எடுங்கள். மேலாகச் சுரண்டினால் எந்த டூலின் முனையும் உடனே மழுங்கிவிடும்.

சாணை பிடிப்பதில் முதல் பாடமாக ஒரே ஒரு டூலைச் செய்யுங்கள்: முன்பக்கமும் பக்கவாட்டிலும் 8 முதல் 10 டிகிரி வரை கிளியரன்ஸ் (பொருளில் உரசாதிருக்க விடும் சரிவு), மேலே 12 டிகிரி அளவில் பக்கச் சரிவு, மூக்கில் எண்ணெய்க் கல்லால் தேய்த்த மிகச் சிறிய வளைவு. எஃகு, அலுமினியம் இரண்டுக்கும் அது போதும். பித்தளைக்கு மட்டும் மேல் சரிவே இல்லாத தனி டூல் வேண்டும். சரிவு இருந்தால், சிறப்பாகத் துளையை அகலப்படுத்தும்போது, பித்தளை டூலைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். டூலின் முனை சென்டரின் உயரத்தில் இருக்கிறதா என்பதை அறிய, முகத்தைக் கடைந்து நடுவில் பாருங்கள். குட்டியாக ஒரு குமிழ் மிஞ்சினால் உயரம் சரியில்லை.

பதில்: நான்குஜா

அறை அமைப்பைப் பற்றிச் சில சொற்கள். கிரைண்டரை லேத்திலிருந்து இயன்றவரை தள்ளி வையுங்கள், முடிந்தால் அறைக்கு வெளியே. சாணைக்கல்லின் துகள் பெட்டில் விழுந்து எண்ணெயோடு கலந்தால் கேரேஜ் நகரும் ஒவ்வொரு முறையும் பெட்டைத் தேய்க்கும். அதே காரணத்தால் லேத்தில் வைத்து எமரித் தாளால் மெருகிடும்போது பெட்டின் மேல் ஒரு காகிதத்தை விரித்துக்கொள்ளுங்கள். கிரைண்டரில் ஹைஸ்பீடு ஸ்டீலைத் தவிர அலுமினியத்தையோ பித்தளையையோ தீட்டாதீர்கள். அவை கல்லின் துளைகளில் அடைத்துக்கொண்டு கல்லைப் பாழாக்கும்.

ஹெட்ஸ்டாக்குக்கு இடப்புறம் நீளக் கம்பியை ஸ்பிண்டில் துளை வழியாகச் செருகுவதற்கு இடம் விடுங்கள். ஆனால் மெல்லிய கம்பி பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்போது வேகமாக ஓட்டக்கூடாது. கம்பி சட்டென வளைந்து சாட்டைபோல் சுழன்று அடிக்கும். தேவையான நீளத்துக்கு அறுத்துக்கொள்வதே எளிது.

கையுறை, தொங்கும் சட்டைக்கை, கைக்கடிகாரம், மோதிரம் எதுவும் சுழலும் சக்குக்கு அருகில் வரக்கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும் கண்ணில் இருக்கட்டும். சக் சாவியை விட்டுக் கையை எடுக்கும் முன் அதைச் சக்கிலிருந்து உருவிவிட வேண்டும். சாவியை வைக்க ஹெட்ஸ்டாக்கின் மேல் ஓர் இடத்தை முதலிலேயே குறித்துவிடுங்கள். எஃகுச் சுருளைக் கையால் இழுக்காமல், மெஷினை நிறுத்திவிட்டுக் கொக்கியால் எடுங்கள்.

வேலை முடிந்ததும் பெட்டைத் துடைத்து, ஐ.எஸ்.ஓ. 68 தரமுள்ள ஸ்லைடுவே எண்ணெயை மெல்லியதாகப் பூசிவிட்டு மூடிவையுங்கள். மூடும் துணி காற்றுப் புகும் பருத்தியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் விரிப்பு ஈரத்தை உள்ளேயே பிடித்துவைத்துத் துருவை வரவழைக்கும். மில்லிங் மெஷினுக்காக இப்போதே எதிர்ச்சுவரில் ஒரு மீட்டர் அகலத்துக்கு இடம் ஒதுக்கிவிட்டு, பெஞ்சை அதற்கேற்ப நகர்த்திப் போடுங்கள்.